இடது கைக் கயிறு

யார்க்,
11 அக்டோபர் 1943

அன்புத் தம்பி சைலஸ்,

நான் சுகமாக இருக்கிறேன். என் சளி என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரி பிக்கரிங் அம்மாளைப் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி. கேட்டால் இல்லை என்பார். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா?

ஒரு செய்தி. மிட்டாய் ஃபாக்டரியை விட்டுவிட்டேன். மிட்டாய்க்குக் காகிதம் சுற்றிய இந்தக் கை இப்போது குண்டுவீச்சு விமானத்துக்கு ஒட்டுப் போடுகிறது! ஊருக்கு வெளியே பெரிய பெரிய கொட்டகைகள். ஜெர்மனிக்குப் போய் அடிபட்டு வரும் விமானங்களை லாரியில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கீழேயிருந்து பீரங்கியால் சுட்ட குண்டு வானத்தில் வெடித்துச் சிதறி, அந்தச் சில்லுகள் துளைத்த ஓட்டைகள். முதல் வேலை, ஒவ்வொரு ஓட்டையையும் தேடிச் சுற்றிலும் சாக்பீஸால் வட்டம் போடுவது. பிறகு கிழிந்த ஓரத்தை வெட்டி, தகடு வைத்து, ரிவெட் ஆணி அடிப்பது. மேஸ்திரி ஃபாசெட் என்னைப் பார்த்ததும், “இந்தப் பொம்பளைங்களுக்கு ரிவெட் துப்பாக்கியப் பிடிக்க வருமா?” என்றார். பத்து வயதிலிருந்து எங்கள் ஊர் ஃபைலியில் மணலில் படகு இழுத்தவள் நான் என்றேன். அவரே ஒரு துப்பாக்கியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் கம்பளிச் சட்டையை முடித்துவிட்டேன். தனிப் பார்சலில் வரும். நம் வீட்டுப் பின்னல் வடிவம்தான், நடுவில் ஏணி, இரண்டு பக்கமும் முறுக்கிய கயிறு. ஊரில் வீட்டுக்கு ஒரு வடிவம் எதற்காக என்று உனக்கும் தெரியும். ரூபன் அண்ணன் கடலில் போய் ஒன்பதாம் நாள் கரையில் ஒதுங்கியபோது அப்பா எதைப் பார்த்து அடையாளம் சொன்னார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் குளிருக்கு இதை விட்டால் வேறில்லை, போட்டுக்கொள். இடது மணிக்கட்டில் வழக்கம்போல என் கயிறு ஓரிடத்தில் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டது. எட்டு வயதில் பின்னப் பழகியதிலிருந்து இதே கூத்து. அப்பா பார்த்துவிட்டு, “வலது கை வரைக்கும் மனுஷி பின்னுறா, இடது கைக்கு வந்ததும் பூனை பின்னுது” என்றார். பிரிக்க மாட்டேன். போட்டுக்கொள்கிறவன் நீதானே.

உன் கடிதங்களை ஞாயிறுதோறும் ஃபைலிக்குப் போய், ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் கண்ணுக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் கேள்வி, “அவன் ரெண்டு காலும் தரையில இருக்கா?” ரூபன் குழியருகே நின்று நீ கொடுத்த வாக்கை நம்பித்தான் அவர் தூங்குகிறார். கடலும் வேண்டாம், வானமும் வேண்டாம், தரையில் நின்று இன்ஜினுக்கு நட்டு முடுக்கு, அது போதும். இன்னொரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவர் எழுந்து நடக்க மாட்டார், சைலஸ்.

உன் அக்கா,
டோர்கஸ்


விமானத் தளம்,
24 அக்டோபர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

சைலஸ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நகத்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்குதான் போகமாட்டேன் என்கிறது. அப்பாவின் முழங்காலை நான் விசாரித்ததாக முழங்காலிடமே சொல்லிவிடு, அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சட்டை வந்தது. அளவு அச்சு அசல். பூனை பின்னிய இடத்தை உடனே தேடிப் பார்த்தேன், அதுவும் பத்திரமாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரன் ஹேமிஷ், கிளாஸ்கோ பையன், என்னுடைய எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்ப்பவன், இதையும் போட்டுப் பார்த்தான். “இதென்னடா, கடல்ல விழுந்தா மிதக்க வைக்குமா?” என்றான். மிதக்க வைக்காது, விழுந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் என்றேன். மெதுவாகக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

வேலை அதேதான். இன்ஜின், எண்ணெய், ஈரம், முட்டைப் பொடியில் கிண்டிய ஏதோ ஒன்று. அப்பாவிடம் சொல், இரண்டு காலும் தரையில்தான் இருக்கின்றன. சேற்றில் என்றால் இன்னும் சரி.

என்றும் உன் தம்பி,
சைலஸ்


யார்க்,
15 நவம்பர் 1943

அன்புத் தம்பிக்கு,

இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது, மற்றபடி எல்லோரும் நலம். அப்பா சபையில் போன வாரம் பாட்டை மற்றவர்களுக்கு ஒரு வரி முன்னாலேயே முடித்துவிட்டார், அந்த அளவுக்குத் தெம்பு. உன் சௌக்கியத்துக்கு எழுது.

எனக்கு இப்போது தனி மேடை கொடுத்திருக்கிறார்கள். என் கூட ஃபிலிஸ் என்று ஒரு பெண். நான் வெளியே நின்று அடிக்க, அவள் உள்ளே குனிந்து இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பாள். பேச்சு காதில் விழாது, தகட்டைத் தட்டித்தான் பேசிக்கொள்கிறோம். ஒரு தட்டு என்றால் அடி, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் ஃபாசெட் வருகிறார். தகடு வைத்து முடித்ததும் உள்பக்கத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் போட்டுவிடுவது எங்கள் பெண்களின் வழக்கம். கூடாது என்று ஃபாசெட் சொன்னார். அதனால் இப்போது சின்னதாகப் போடுகிறோம்.

என் ஒட்டு திறக்காது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நீ அங்கே பறக்கப் போகிற பையன்களிடம் சொல்லி வை. ஓட்டை வரும், அது எங்கள் கையில் இல்லை. ஆனால் மூடின இடத்தில் மறுபடி காற்று புகாது.

சில நாள் உள்ளே ஏறியதும் ஃபிலிஸ் வாளியும் துணியும் கேட்பாள். கழுவித்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் கறை எல்லாம் போய்விடுவதில்லை. அதைப் பற்றி வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருவாயா? அப்பா இப்போதே ஒரு வாத்துக்குப் பேசி வைத்திருக்கிறார்.

உன் அக்கா,
டோர்கஸ்


விமானத் தளம்,
5 டிசம்பர் 1943

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு விடுமுறை இல்லை. வாத்தின் காலை எனக்கென்று அப்பா எடுத்து வைக்க வேண்டாம், இரண்டையும் அவரே சாப்பிடட்டும். குளிர் அதிகம். சட்டையைக் கழற்றுவதே இல்லை.

நீ சொன்னதைப் பையன்களிடம் சொன்னேன். ஒட்டுப் போட்ட விமானம்தான் ராசி, அதற்குத் திரும்பி வரும் வழி தெரிந்திருக்கும் என்கிறார்கள். ஒரு சந்தேகம், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தால் அது பக்கத்திலே கிழிந்துகொண்டே போகுமா, இல்லை அப்படியே நிற்குமா?

அப்பாவுக்கு என் அன்பு. கால்கள் தரையில்.

சைலஸ்


யார்க்,
10 ஜனவரி 1944

சைலஸ்,

இது ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை. அப்பா காதுக்குப் போகாது. லாரி ஓட்டும் எட்னாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் தளத்துக்கு உதிரி பாகம் கொண்டுவருகிறவள், உன் கையிலேயே கொடுப்பாள்.

போன வியாழக்கிழமை ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் வந்தது. கடற்கரையோரமாக ஏதோ தளத்தில் வயிறு உரச இறங்கியதாம். அங்கே யாரும் தொடாமல், கழுவாமல், அப்படியே பிரித்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நானும் ஃபிலிஸும் சாக்பீஸோடு ஏறினோம். இன்ஜின் கவனிக்கிறவன் நிற்கிற இடத்துக்குக் கீழே, பக்கச் சுவரில் ஒரு ஓட்டை. அதில் எதையோ உருட்டித் திணித்திருந்தது. கந்தல் என்று நினைத்துப் பிடுங்கினேன். நீலக் கம்பளி. சட்டையின் ஒரு முழுக் கை. ஏணி, கயிறு. மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தது.

உலகத்தில் அந்த வடிவத்தை யாரும் திருடலாம். அந்தத் தப்பை என்னைத் தவிர யாரும் பின்ன முடியாது.

அந்தக் கம்பளிக் கை முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்துக் கிடந்தது. நான் அதை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டேன். ஃபிலிஸ் திரும்பி நின்று அடுத்த ஓட்டையைத் தேட ஆரம்பித்தாள். பிறகு அந்த ஓட்டைக்கு வட்டம் போட்டேன். போட்டுவிட்டு இறங்கி, கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் வந்து மீதி வட்டங்களையும் போட்டேன்.

தந்தி வரவில்லை. வந்திருந்தால் அப்பா வீட்டுக்குத்தான் வந்திருக்கும், ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டேன். அதனால் உயிரோடுதான் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. அது யாருடைய ரத்தம்?

டோர்கஸ்


யார்க்,
24 ஜனவரி 1944

அன்புத் தம்பி சைலஸுக்கு,

எல்லோரும் சுகம். இந்த வாரம் உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்று அப்பாவிடம் சொன்னதற்கு, இன்ஜினுக்கு மேல் இன்ஜினாக வந்து குவிந்திருக்கும், பாவம் என்றார். பழைய கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சேறு என்று வரும் இடத்தில் இரண்டாம் முறையும் சிரித்தார்.

நண்டுக் கூடைகளைப் பழுது பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஹாரிசன் வீட்டுப் பசு கன்று போட்டது. பிக்கரிங் அம்மாளுக்கு மறுபடி சளி. வேறு விசேஷம் இல்லை. இரண்டு வரி போதும், உன் கையெழுத்தில் எழுது.

அக்கா


விமானத் தளம்,
6 பிப்ரவரி 1944

அன்புள்ள அக்கா,

இதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை.

என் ரத்தம் இல்லை. ஹேமிஷுடையது. அவன் பிழைத்துவிட்டான், ஆஸ்பத்திரியில் நர்ஸுகளின் தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி சுடும் பையன் பிழைக்கவில்லை. அவன் பெயரை நான் இன்னும் எழுதப் பழகவில்லை, விட்டுவிடு.

நீ எழுதியது எட்னா மூலம் அன்றைக்கே வந்துவிட்டது. ஏழு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். உன்னிடம் பொய் எழுதும்போது பேனா ஓடியது, நிஜத்தை எழுத உட்கார்ந்தால் நகரவில்லை.

ஆமாம், பறக்கிறேன். ஆகஸ்டிலிருந்து. அடிபட்டு வருகிற விமானத்தைத் துடைத்து, சரிபண்ணி, எண்ணெய் ஊற்றி அனுப்புவேன். அதில் வேறு பையன்கள் ஏறுவார்கள். சில விமானங்கள் திரும்பி வராது, மறுபடி துடைக்கும் வேலையே இருக்காது. இன்ஜின் தெரிந்தவர்கள் கூட ஏறி வரலாம் என்று கேட்டபோது கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். ரூபனை நினைத்தேன், அப்பாவையும் நினைத்தேன். நினைத்தும் போனேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை அக்கா, பொய் சொன்னதில்தான் வருத்தம்.

அந்தக் கையின் கதையைக் கேள். குண்டு வெடித்ததும் சுவர் திறந்துகொண்டது. கூடப் பறந்த ஹேமிஷ் கீழே கிடக்கிறான், காற்று நேராக அவன் மேல் அடிக்கிறது. அந்த உயரத்துக் குளிர் உனக்குச் சொன்னால் புரியாது, அடிபட்டவனை அதுவே கொன்றுவிடும். வழி பார்க்கிறவனிடம் வரைபடத்தைக் கொடுடா, அடைக்கலாம் என்றேன். “மேப்பக் குடுத்துட்டு வீட்டுக்கு யாரக் கேட்டுப் போறது?” என்றான். சரிதானே. ஹேமிஷின் காயத்தை என் இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தேன், ரத்தம் கோட்டுக்குள் வழிந்து அந்தக் கம்பளி ஏற்கெனவே நனைந்துவிட்டது. மேல்கோட்டைக் கழற்றி, கம்பளிச் சட்டையின் கையைத் தோளோடு அறுத்து, உருட்டி ஓட்டையில் திணித்தேன். ஊர் வந்து சேரும் வரை நகரவில்லை. நீ கெட்டியாகப் பின்னுகிறாய் என்று அப்பா எப்போதும் குறை சொல்வாரே, அவரிடம் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

குறித்த எண்ணிக்கை பறந்து முடித்தால் இறக்கிவிடுவார்கள். பாதி தாண்டிவிட்டேன். இப்போது எங்களுக்குக் கொடுத்திருக்கும் விமானம் உங்கள் கொட்டகையிலிருந்து வந்தது. எண்ணெய் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டு, அதில் பென்சிலால் பொடியாக உன் பெயரின் முதல் எழுத்து. அது உன்னுடையதுதானா என்று எனக்குத் தெரியாது. உன்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்லாதே. முடித்துவிட்டு நானே வந்து சொல்கிறேன், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

சைலஸ்


யார்க்,
14 பிப்ரவரி 1944

அடேய் சைலஸ்,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தைக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் அழுதேன். அப்புறம் உன்னை நன்றாகத் திட்டினேன், பக்கத்து அறையில் இருந்த பெண் யாரம்மா அது என்று கதவைத் தட்டினாள்.

அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றின முட்டாள் நீ ஒருத்தன்தான் இருப்பாய். ஹேமிஷுக்குச் சொல், என் கம்பளியைக் கெடுத்ததற்கு ஒரு நாள் ஃபைலிக்கு வந்து படகு இழுக்க வேண்டும் என்று.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஒன்று, மீதிச் சட்டையை எட்னாவிடம் கொடுத்து அனுப்பு. தோளிலிருந்து கீழே பின்னுவதே கை போனால் புதுக் கை போடத்தானே. அந்தக் கையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, பிரித்து, நூலைக் காயப்போட்டிருக்கிறேன். அதே நூலில் திரும்பப் பின்னிவிடுவேன், நிறம் மாறாது. நீ விடுமுறைக்கு வரும்போது இரண்டு கையோடு வர வேண்டும். அப்பா கண்ணுக்கு எழுத்துதான் தெரியாது, கம்பளி தெரியும்.

இன்னொன்று, ஞாயிற்றுக் கடிதத்தில் இனிமேல் “கால்கள் தரையில்” என்று எழுதாதே. அதைப் படிக்க என் நாக்கு எழாது. வானிலை எழுது, சாப்பாடு எழுது, ஹேமிஷைப் பற்றி எழுது. கால் பேச்சே வேண்டாம்.

அந்த எழுத்து என்னுடையதுதான். எண்ணெய் மீட்டருக்குப் பக்கத்து ஒட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது திறக்காது.

டோர்கஸ்


விமானத் தளம்,
12 மார்ச் 1944

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கே எல்லாம் நல்லபடி. அங்கேயும் அப்படியே இருக்குமென்று நம்புகிறேன். பனி விட்டுவிட்டது, முயல்கள் ஓடுபாதையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஹேமிஷ் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறான், வயிற்றுவலிக்குச் சேர்த்தார்களே, தேறிவிட்டான். ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். இன்னும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

அக்கா, நீ துவைத்து அனுப்பிய சட்டை வந்தது. பழையபடியே இருக்கிறது, எந்த வித்தியாசமும் இல்லை. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வேலை கொஞ்சம் அதிகம். ஈஸ்டருக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு. அப்பா, புகைபோட்ட ஹெர்ரிங் மீன் எனக்கு ஒரு ஜோடி போதாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள்,
சைலஸ்


யார்க்,
1 ஏப்ரல் 1944

சைலஸ்,

நேற்று ரேடியோவில் சொன்னார்கள். ஒரே இரவில் தொண்ணூறு விமானத்துக்கு மேல் திரும்பவில்லை என்றார்கள். கொட்டகையில் யாரும் ரிவெட் அடிக்கவில்லை, ஃபாசெட்டும் அடிக்கச் சொல்லவில்லை. பிறகு நான்தான் முதலில் அடிக்க ஆரம்பித்தேன்.

எட்னா வாசலில் நிற்கிறாள். ஒரு வார்த்தை எழுது. ஒரு எழுத்து போதும்.

டோ.


விமானத் தளம்,
2 ஏப்ரல் 1944

அக்கா,

இருக்கிறேன். ஒட்டு திறக்கவில்லை. புதிதாக நிறைய விழுந்திருக்கின்றன, உனக்கு வேலை வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை யார்க் ஸ்டேஷனில் ரயில் மாறுகிறேன். டீ கடைக்குப் பக்கத்தில் நில்.

சை.


ஃபைலி,
17 ஏப்ரல் 1944

அன்பு மகள் டோர்கஸுக்கு,

அப்பா எழுதுவது. கடவுள் தயவில் இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். உனக்கு ஈஸ்டருக்கும் வேலை, போன ஞாயிறும் வேலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கண் தெரியாமல் பெரிய எழுத்தாக எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள். வேறு யாரையும் வைத்து எழுத முடியாது.

உன் தம்பி வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். உன்னை ஸ்டேஷனில் பார்த்ததாகவும், நீ டீயைக் கொட்டிவிட்டதாகவும் சொன்னான். இளைத்திருக்கிறான். தூக்கத்தில் பேசுகிறான். என்ன பேசினான் என்று உனக்கு எழுத மாட்டேன்.

வந்த மறுநாள் காலை ஹெர்ரிங் சுட்டுப் போட்டேன். மூன்றாவது மீனுக்கு ரொட்டி எடுக்க இடது கையை நீட்டினான். மணிக்கட்டு என் மூக்குக்கு நேரே வந்தது. எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, கயிறு தெரியும். கயிறு சரியாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே பக்கம் முறுக்கி, ஒரு கண்ணி தப்பாமல், உன் அம்மா பின்னிய மாதிரி.

டோர்கஸ், உனக்கு எட்டு வயதிலிருந்து அந்த இடத்தில் கயிறு திரும்பாமல் போனதே இல்லை. நீ பேசிக்கொண்டே பின்னுகிறவள், சிரித்துக்கொண்டே பின்னுகிறவள், இடது கைக்கு வரும்போது வேலை முடியப்போகிறது என்ற சந்தோஷத்தில் கை ஓடிவிடும். இதை நீ பேசிக்கொண்டு பின்னவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துப் பார்த்துப் பின்னியிருக்கிறாய். பயந்துபோய்ப் பின்னியிருக்கிறாய்.

தோள் வரைக்கும் புதுப் பின்னல் என்பதும் தெரிந்தது. அப்புறம் யோசித்தேன். நட்டு முடுக்குகிறவனுக்கு மணிக்கட்டு தேயும், முழங்கை கிழியும். தோளிலிருந்து ஒரு முழுக் கை போகாது. அது எங்கே போனது, எப்படிப் போனது என்று எனக்குத் தெரிய வேண்டாம். உனக்குத் தெரியும் என்பது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ படிக்கும்போது பிப்ரவரியிலிருந்து கால் பேச்சு வரவில்லை, அதையும் கவனித்தேன்.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் சட்டியை வைத்துவிட்டுப் படகுகள் நிற்கும் கரைக்குப் போய்விட்டேன். குழியருகே நின்று வாக்குக் கொடுத்தவன். அங்கே நின்று ரூபனை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மணலில் குப்புறக் கிடந்தவனின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, இவன் என் பிள்ளை என்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதே வடிவத்தை இன்றைக்கு என் மேசையில் பார்த்தேன். ரொட்டி பிடித்த கையோடு, வாய் நிறைய மீனோடு. இதற்கு நான் கோபப்பட்டால் எனக்கு நன்றியில்லை என்று அர்த்தம். திரும்பி வந்தேன். “இன்னொன்னு போடட்டுமா?” என்றேன். “போடுங்கப்பா” என்றான். போட்டேன்.

கிளம்புகிற அன்று வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். நான் அந்தக் கால் கேள்வியைக் கேட்பேன் என்று காத்துக்கொண்டு நின்றான், முகமே சொன்னது. கேட்டால் அவன் இன்னொரு பொய் சொல்ல வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். அந்தப் பாரம் அவனுக்கு எதற்கு என்று நினைத்து, கேள்வியை விட்டுவிட்டேன். ரயிலுக்கு நேரமாச்சு என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பதினான்கு வயதுக்கு அப்புறம் அவன் அப்படிச் செய்ததில்லை.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே. அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தால் அவன் கை நடுங்காமல் வேலை செய்வான். முடித்துவிட்டு வந்து சொல்லட்டும். அன்றைக்கு நான் கேட்டு ஆச்சரியப்படுகிறேன், அது என் பொறுப்பு. நீ வழக்கம்போல ஞாயிறு வந்து படி. நான் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு கேட்கிறேன். சேறு வந்தால் சிரிக்கிறேன்.

இன்னும் கொஞ்ச நாள் அவன் போய்வர வேண்டியிருக்கிறது. மறுபடி ஏதாவது கிழிந்து நீ பின்ன வேண்டி வந்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழையபடி தப்பாகவே பின்னு.

உன் அப்பா,
ஜேபஸ் ஹாக்ஸ்பி